பெருங்களத்தூர் ஹெரால்டும் சீமை வேஷமும்

பழைய மோட்டார் வண்டிகளுக்குச் சில வருஷங்களாக நம் நகரத்தில் புதியதொரு மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. காயலான் கடைக்காரன் எடை போட்டு வாங்கவும் தயங்கிய வண்டியை, இன்று லக்ஷக்கணக்கான ரூபாயை எடுத்துக்கொண்டு தேடி அலைகிறார்கள். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பழைய வீடுகளின் பக்கத்துச் சாய்ப்பில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் வண்டி எது, அதன் சொந்தக்காரர் யார், அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களா என்றெல்லாம் தரகர்கள் விசாரித்து வைத்திருக்கிறார்கள். பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பேரன் விற்கிறான். தம் பாட்டனாரின் ஞாபகமாக வேறொருவர் அதை வாங்குகிறார். இதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு தேசத்தின் கைத்திறனுக்குக் கோயில் கோபுரம் எவ்வளவு சாக்ஷியோ, அதன் தொழிற்சாலையில் பிறந்த யந்திரமும் அவ்வளவு சாக்ஷிதான். அதைப் பாதுகாக்க மனிதர்கள் முன்வருவது நல்ல அறிகுறியே.

ஆனால் விலை ஏறினால் மோசடியும் கூடவே வந்துவிடுகிறது. அதிலும் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் கைமாறும் வண்டிகளில் காணப்படும் மோசடி ஒரு விசித்திரமான ஜாதியைச் சேர்ந்தது. இந்த ஊர்த் தொழிற்சாலையில், இந்த ஊர்த் தொழிலாளர் கையால் உருவான வண்டியின் பெயரைப் பெயர்த்து எறிந்துவிட்டு, இங்கிலாந்திலிருந்து தருவித்த சின்னத்தை அதன் நெற்றியில் ஒட்டி, ‘இது அசல் சீமை வண்டி’ என்று கூறி விலையை உயர்த்துகிறார்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ப் ஹெரால்டாக மாறுகிறது. வாங்குகிறவரும் சந்தோஷத்துடன் ஏமாறுகிறார். சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகும் சீமைப் பெயருக்கு நம்மவர் அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது வெட்கப்படத்தக்க விஷயந்தான். அதைவிட முக்கியமான விஷயம், இந்த வேஷத்தால் வண்டியின் உண்மையான மதிப்பே கெட்டுப்போகிறது என்பது. அதை விளக்கிச் சொல்லவேண்டுமானால் அந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சிறிது கூறியாக வேண்டும்.

நம் ஊர்த் தொழிற்சாலை

1948-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையிலிருந்த யூனியன் கம்பெனியும் கூடி, ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. அதன் தொழிற்சாலை தாம்பரத்திற்குத் தெற்கே, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, திருச்சி செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்தது. முதலில் வான்கார்டு வண்டி வந்தது. 1950-களில் ஸ்டாண்டர்டு டென் முதலிய சிறு வண்டிகள் வந்தன. 1961-ல் ஹெரால்டு வந்தது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அம்பாஸடர், பம்பாயில் பியட், சென்னையில் ஹெரால்டு ஆகிய இம்மூன்றும் அந்நாளில் இந்தியக் குடும்பஸ்தன் வாங்கக்கூடிய வண்டிகள். மூன்றில் பார்வைக்கு அழகானது எது என்பதில் அபிப்பிராய பேதம் இருந்ததாகத் தெரியவில்லை. அதன் வடிவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர்.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் என்ற பெயரில் வெளிவந்தது. அங்கே அதைத் தயாரித்த கம்பெனிக்கு முழுப் பாடியைச் செய்து கொடுக்க வெளியிலிருந்து ஆள் கிடைக்கவில்லை. ஆகவே, தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, பாடியைப் பல துண்டுகளாக அடித்து, போல்ட்டுகளால் முடுக்கிச் சேர்க்கும் முறையைக் கையாண்டார்கள். ஐரோப்பாவில் அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவும் தனிச் சேஸிஸைக் கைவிட்டுவிட்டபோது, ஹெரால்டு மட்டும் பழைய முறைக்குத் திரும்பியது. நெருக்கடியால் ஏற்பட்ட இந்த ஏற்பாடு நம் நாட்டுக்கு நன்றாகப் பொருந்திற்று. பெரிய அச்சு யந்திரங்கள் இல்லாத இடத்திலும் வண்டியை ஜோடித்துவிட முடிந்தது. முன் மூடி முழுவதும் சக்கரத்தின் மேற்பாகத்துடன் சேர்ந்து முன்புறமாகச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மீது உட்கார்ந்துகொண்டே வேலை பார்ப்பார். 25 அடி வட்டத்திற்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். மயிலாப்பூர்ச் சந்துகளில் ஹெரால்டு ஓட்டியவர்கள் இதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963-ல் மறைந்தது. டிரையம்ப் என்ற பெயரே எஞ்சியது. பிறந்த நாட்டில் மறைந்த பெயர் பெருங்களத்தூரில் மேலும் கால் நூற்றாண்டு உயிரோடிருந்தது. ஹெரால்டு 1971-ல் முடிவுற்று, அதன் வாரிசாக கெஸல் 1972 முதல் 1977 வரை வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டி வந்தது. ரோவர் வண்டியின் பாடிக்குள் பழைய காலத்து 1991 சி.சி. எஞ்சினைப் பொருத்திய அந்த முயற்சி ஜயிக்கவில்லை. 1988-ல் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டது. யந்திரங்களும் உதிரி பாகங்களும் பின்னர் ஏலத்திற்குப் போயின. அந்த நிலத்தில் இன்று கணினி அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

தொழிற்சாலை மறைந்துவிட்டதால் வாங்குகிறவனுக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஓடிய டிரையம்ப் வண்டிக்கு, கேடன் என்ற ஊரிலுள்ள மோட்டார் மியூசியத்தாருக்கு எழுதிப் பணம் கட்டினால், அந்த எண்ணுள்ள வண்டி எந்தத் தேதியில் எந்த வர்ணத்தில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது என்று பழைய கணக்கேட்டைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பெருங்களத்தூர் வண்டியை வாங்குகிறவன் தானே சாக்ஷிகளைத் தேடிச் சேர்த்தாக வேண்டும்.

வண்டியே சொல்லும் சாக்ஷி

முதல் சாக்ஷி வண்டியேதான். நான்கு கதவுள்ள ஹெரால்டை இங்கிலாந்தில் ஒருபோதும் செய்ததில்லை. அங்கே இரண்டு கதவு வண்டியும், மடக்குக் கூரை வண்டியும், பின்புறம் நீண்ட எஸ்டேட் வண்டியும் உண்டு. நான்கு கதவு கிடையாது. குடும்பத்தோடு பிரயாணம் செய்யும் நம் வழக்கத்தை உத்தேசித்து, 1960-களின் பிற்பகுதியில் பெருங்களத்தூரில் செய்த மாறுதல் அது. ஆகவே, நான்கு கதவு ஹெரால்டின் மேல் டிரையம்ப் என்ற எழுத்துக்களைக் கண்டால், விற்பவரிடம் வேறு விசாரணை எதுவும் வேண்டியதில்லை.

இரண்டு கதவு வண்டியில் சற்று நுட்பமாகப் பார்க்க வேண்டும். இந்திய ஹெரால்டில் ஆரம்பம் முதல் கடைசி வரை 948 சி.சி. எஞ்சின்தான். இங்கிலாந்தில் 1961-லேயே 1147 சி.சி.க்கும், 1967-ல் 1296 சி.சி.க்கும் மாறிவிட்டார்கள். 1965-ம் வருஷத்து டிரையம்ப் என்று சொல்லப்படும் வண்டியில் 948 சி.சி. எஞ்சின் இருந்தால் அது பெருங்களத்தூர்ப் பிள்ளை என்று அநேகமாகத் தீர்மானிக்கலாம். அன்றியும், அக்காலம் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலம். முழு வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது எளிதில் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. உண்மையாகவே சீமையிலிருந்து வந்த வண்டியானால் சுங்க இலாகாவின் பத்திரம் இருந்திருக்க வேண்டும். அதைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

கூரையில்லாத ஹெரால்டைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வண்டியின் கூரையும் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டதே. அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் துணிக் கூரை தைத்துப் போட்டு, ‘அபூர்வமான மடக்குக் கூரை வண்டி’ என்று இரட்டை விலை சொல்வதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு தையற்காரரும் போதும். பெருங்களத்தூர் எண்ணுள்ள சேஸிஸின் மேல் அத்தகைய பாடி இருந்தால், எப்பொழுது யாரால் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். அத்தகைய மாறுதல் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தச் சீமை வேஷம் ஹெரால்டோடு நிற்கவில்லை. பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் பல பத்தாண்டுகள் செய்து குவித்த ஜீப் வண்டிகள், பச்சை வர்ணமும் வெள்ளை நக்ஷத்திரமும் பூண்டு, இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா எல்லையில் ஓடியவை என்று விற்கப்படுகின்றன. யுத்த காலத்து ஜீப்பின் முகப்பில் ஒன்பது கண்கள் வெட்டியிருக்கும். யுத்தத்திற்குப் பிற்பட்ட குடிமக்கள் ஜீப்பில் ஏழுதான். யுத்த ஜீப்பை வில்லிஸ், போர்டு என்ற இரண்டு கம்பெனிகள் செய்தன. வில்லிஸ் சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். போர்டினுடையது கவிழ்த்த பள்ளம் போன்ற பட்டைச் சட்டம். போர்டு கம்பெனியார் தங்கள் பாகங்களை அடையாளம் காண்பதற்காக, சிறு போல்ட்டின் தலையிலுங்கூடத் தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தார்கள். இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறவரிடம் எந்தத் தரகரும் பர்மா யுத்தக் கதையை நீட்டிச் சொல்லமாட்டார்.

புல்லட்டும் அப்படியே. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்பீல்டு தொழிற்சாலையில் வெகுகாலம் வண்டியின் வடிவம் அதிகம் மாறாததால், 1980-களின் வண்டிக்குப் பழைய டாங்கியும் பழைய விளக்கும் மாட்டி முப்பது வருஷம் வயதைக் கூட்டிவிட முடிகிறது. வெளி அலங்காரத்தைக் கண்டு மயங்காமல், எஞ்சினிலும் சட்டத்திலும் அடித்த எண்களையே பார்க்க வேண்டும்.

எது அசல்?

இங்கே ஒரு தர்க்கம் எழும். அறுபது வருஷம் ஓடிய வண்டியில் எல்லாப் பாகமும் முதலில் இருந்ததாகவே இருக்குமா? டயர் மாறும், பிஸ்டன் மாறும், கதவு துருப்பிடித்து மாறும். அப்படியானால் எதை அசல் என்பது? இந்தக் கேள்வி இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கே போயிற்று. 1929-லும் 1930-லும் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் ஜயித்த ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி வண்டியை, அதன் சொந்தக்காரர் ஹப்பர்டு என்பவர் ஒரு கம்பெனிக்கு ஒரு கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். அவ்வண்டி பந்தயத்திற்குப் பிறகு பலமுறை பிரித்துக் கட்டப்பட்டது. பந்தயத்தில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. ஆகவே இது அந்த வண்டியே அல்ல என்பது அவர்கள் வாதம். 1990 ஜூலையில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். வண்டி ஒருநாளும் மறைந்து போய் மறுபடி முளைக்கவில்லை. ஒவ்வொரு மாறுதலும் அதே வண்டியின் மேல், ஒன்றன்பின் ஒன்றாக, தெரிந்த கைகளால் நடந்திருக்கிறது. அதன் சரித்திரம் அறுபடவில்லை. ஆகவே அதுவே ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்பது தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பை நாம் முழுமனத்துடன் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், அதில் நமக்கு உபயோகமான யோசனை ஒன்று இருக்கிறது. பாகங்களை எண்ணுவதற்கு முன் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். முதல் சொந்தக்காரர் முதல் இன்று விற்பவர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா? பதிவுப் புத்தகம், வரி ரசீது, இன்ஷூரன்ஸ் பத்திரம், மெக்கானிக் கொடுத்த பில் இவையெல்லாம் அச்சங்கிலியின் கண்ணிகள். குடும்ப ஆல்பத்தையும் மறக்கலாகாது. நம் வீடுகளில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ ஜோடித்த காரின் போட்டோ இல்லாத ஆல்பம் அபூர்வம். அந்தப் போட்டோவில் நம்பர் பலகை தெரிந்தால், அதைவிடச் சிறந்த சாக்ஷி கிடைப்பது அரிது. கதவின் எண்ணிக்கையும், விளக்கின் வடிவமும், வர்ணம் கறுப்பா வெளுப்பா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சங்கிலி எங்கே அறுகிறது என்பதை அனுபவஸ்தர்கள் நன்கு அறிவார்கள். ஒரு வண்டி நசிந்து உபயோகமற்றுப் போனால், சொந்தக்காரர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு கூறுகிறது. யார் ஒப்படைக்கிறார்கள்? வண்டி இரும்புக் கடைக்குப் போகிறது. புத்தகம் பீரோவில் தங்குகிறது. பிறகு ஒருநாள் அந்தப் புத்தகத்துக்கும் விலை வருகிறது. ஏனெனில், வேறொரு மூலையில் புத்தகமில்லாத வண்டி ஒன்று கிடக்கிறது. இறந்த வண்டியின் புத்தகத்துக்கும் உயிருள்ள வண்டியின் உடலுக்கும் திருமணம் செய்து வைப்பதுதான் இந்த வியாபாரத்தின் பெரிய ரகசியம். ஹெரால்டில் இது சுலபம். ஒரு சேஸிஸின் மேலிருந்து பாடியைக் கழற்றி மற்றொன்றின் மேல் வைப்பதற்கு நாலு ஆளும் ஒரு நாளும் போதும் என்பார்கள். முன் மூடியைத் திறந்தால் தெரியும் எண் தகடோ வெறும் ரிவிட் அடித்துப் பொருத்தியது. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் அடிக்கலாம். பழைய தகட்டில் புது ரிவிட்டுகள் பளபளத்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

அத்தகைய வண்டியை வாங்குகிறவருடைய கதி என்ன? திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணமிருந்தோ, வாங்கி வைத்துக்கொள்வது பாரதீய நியாய ஸம்ஹிதையின் 317-வது பிரிவின்படி குற்றம். தெரியாமல் வாங்கினாலும், சொந்தக்காரனல்லாதவன் விற்ற பொருளில் வாங்கியவனுக்கும் பொதுவாகச் சொந்தம் கிட்டுவதில்லை. இது 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு. ஓய்வூதியத்தில் கைவைத்து வாங்கிய வண்டியைப் போலீஸ் நிலைய வாசலில் நிறுத்திவிட்டு வருவது எவருக்கும் விரும்பத்தக்க அனுபவமல்ல.

ஆகவே, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்க்க வேண்டும். நம் ராஜ்யத்தில் பழைய எண்கள் எம்.எஸ்., எம்.டி., டி.என்., டி.எம். என்று தொடங்கி, மூன்றாவது எழுத்தொன்று சேர்ந்து, பிறகு இலக்கம் வரும். தாம்பரத்தின் டி.என். 11, மீனம்பாக்கத்தின் டி.என். 22 போன்றவை 1989-ல் புதிய சட்டம் அமுலுக்கு வந்த பிறகு ஏற்பட்ட முறை. 1966-ம் வருஷத்து வண்டி டி.என். 11 என்ற எண்ணோடு நின்றால் அது பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வெளி ராஜ்யத்திலிருந்து வந்து மறுபதிவு ஆகியிருக்கலாம். ஆனால் முந்திய எண் என்ன, ஆட்சேபனையில்லாச் சான்று எங்கே என்று கேட்டே தீரவேண்டும்.

சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பது பதிவு அலுவலகங்களில் வெகுகாலமாக உள்ள வழக்கம். வாங்குகிறவரும் அதையே செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத ராவல் தடமும், இலக்கங்களின் கோணலும் காகிதத்தில் தெரிந்துவிடும். எஞ்சின் கட்டையிலுள்ள எண்ணையும் அப்படியே எடுத்து, இரண்டையும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். மத்திய சர்க்காரின் வாஹன் பதிவேட்டில் எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது மற்றொரு வழி. பழைய புத்தகங்கள் பல இன்னும் அதில் ஏறவில்லை. அப்படி ஏறாத வண்டியானால், அதை ஏற்றித் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அசல் பதிவு அலுவலகத்துப் பழைய ரிஜிஸ்தரைத் தேடிப் பார்த்துத்தான் அதைச் செய்வார்கள். புத்தகமும் வண்டியும் வேறு வேறாக இருந்தால் அப்பொழுது வெளிப்பட்டுவிட இடமுண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகளை வெளியிட்டார்கள். முதன்முதல் பதிவாகி 50 வருஷங்கள் கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அவை பொருந்தும். ஹெரால்டு அனைத்தும் இந்த வயதைக் கடந்துவிட்டன. முதலில் வந்த ஸ்டாண்டர்டு 2000 வண்டிகூட 2035 வரை காத்திருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்கு ராஜ்யத்தின் எழுத்துக்களை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துக்கள் வரும், கட்டணம் ரூ. 20,000. பத்து வருஷத்துக்குச் செல்லும்; பின்னர் புதுப்பிக்க ரூ. 5,000. முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது இவ்விதிகளில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம். எம்.எஸ். எண்ணுள்ள பலகையைக் கழற்றி எறியும்படி சொல்லியிருந்தால் சரித்திரத்தின் பாதியைச் சர்க்காரே அழித்ததாகும்.

விதிகளின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கலாகாது. இதை நினைத்துப் பார்த்தால், ஹெரால்டுக்குச் சீமை வேஷம் போட்டவர்களின் காரியம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்பது புலப்படும். சின்னத்தை மாற்றியதோடு நின்றிருந்தால் திருப்பி மாட்டிவிடலாம். கூரையை அறுத்தவரும், இங்கிலாந்துச் சாமான் என்று பெரிய எஞ்சினை வாங்கி வைத்தவரும் அந்த வண்டியின் அசல் உருவையே அழித்துவிட்டார்கள். உபயோகத்தை உத்தேசித்து மாருதி எஞ்சின் வைத்தவர்களும் உண்டு. கெஸல் வண்டியின் ஒரே கட்டையான பின் அச்சை ஹெரால்டில் பூட்டியவர்களும் உண்டு. ஹெரால்டின் பின் அச்சு இரு புறமும் தனித்தனியே ஆடும் வகையைச் சேர்ந்தது. நம் ரோடுகளில் அது அடிக்கடி தொந்தரவு கொடுத்தது. மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. அதனால்தான் கம்பெனியாரே கெஸலில் அதை மாற்றினார்கள். தினசரி ஓட்டத்திற்காக அன்று அவ்வாறு மாற்றியவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அத்தகைய வண்டியை அசல் விலைக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு ராஜ்யத்திலும் வண்டியை நேரில் பரிசோதித்துத் தகுதியை முடிவு செய்ய ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தக் கமிட்டியின் முன் நிற்கப்போவது வாங்கியவர்தான், தரகரல்ல.

அப்படிப் பதிவான வண்டியைத் தினமும் ஆபீசுக்கு ஓட்டிச் செல்லவும் கூடாது. வாடகைக்கு விடவும் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் இவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகாபலிபுரம் போய்வர ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டு போவது உத்தமம்.

வெள்ளமும் பட்டியும்

தென் சென்னைப் புறநகரங்களில் வண்டி வாங்குகிறவர் வேறெங்கும் கேட்கத் தேவையில்லாத கேள்வி ஒன்றையும் கேட்க வேண்டும். 2015 டிசம்பரில் இந்த வண்டி எங்கே நின்றது? அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது வீட்டுச் சாய்ப்பில் நின்ற வண்டிகள் தண்ணீருக்குள் கிடந்தன. 2023 டிசம்பர்ப் புயலில் பள்ளிக்கரணைப் பக்கத்தில் கார்கள் மிதந்ததை நாடே பார்த்தது. தண்ணீர் வடிந்துவிடும், வண்டல் வடியாது. ஹெரால்டின் சேஸிஸ் பெட்டிபோல் உள்ளே கூடானது. அதன் நீளச் சட்டங்களுக்குள்ளும், பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீட்டியுள்ள கைகளுக்குள்ளும் சேறு புகுந்து தங்கினால், வெளியே வர்ணம் மின்னும். உள்ளே இரும்பு அரித்துக்கொண்டிருக்கும். வண்டியை மேலே தூக்கி, ஒரு திருப்புளியின் பின்புறத்தால் சட்டத்தை ஓர் முனையிலிருந்து மறு முனைவரை தட்டிக்கொண்டே வந்தால் ஓசை மாறுகிற இடம் தெரியும். ஆசனத்தைக் கழற்றி அடியில் தடவினால் மண் வருகிறதா என்று பார்க்கலாம்.

பாடிக்கு ஒரு காந்தக் கட்டியே போதும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகத்திலும் சக்கரத்தின் வளைவிலும் நகர்த்திப் பார்த்தால், டிங்கர் வேலையின் குறையை மறைக்கப் பட்டி அப்பிய இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். சிறிது பட்டி எல்லா வண்டியிலும் இருக்கும். அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். ஹெரால்டில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இணைப்புக் கோடுகளையே பட்டியால் நிரப்பி மழமழவென்று ஆக்கியிருந்தால் மாத்திரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அக்கோடுகள் அவ்வண்டியின் அங்க லக்ஷணம். அழகு செய்கிறோம் என்று நினைத்து அவற்றை மூடியவர் வேறு எதை எதை மூடினார் என்று யார் கண்டார்கள்?

வாங்குமுன் நல்ல வண்டி ஒன்றைக் கண்ணால் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கத்தார் நடத்தும் ஊர்வலங்களில் பழைய வண்டிக்காரர்களைச் சந்திக்கலாம். தம் வண்டியைப் பற்றிக் கேட்டால் பேசாமலிருக்கும் பழைய வண்டிக்காரரை நாம் இதுவரை கண்டதில்லை, நிறுத்துவதுதான் சிரமம். பெருங்களத்தூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களில் சிலர் இன்னும் அவ்வட்டாரத்திலேயே வசிக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை அழைத்துப்போய் வண்டியைக் காட்டினால், அரைமணி நேரத்தில் அவர் சொல்லுவதைத் தரகர் அரைநாள் பேசினாலும் மறுக்க முடியாது.

விலை பேசி முடித்த பின், வண்டியின் விவரத்தை விற்பவர் கையெழுத்துடன் எழுதி வாங்க வேண்டும். ‘பழைய கார் ஒன்று’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இன்ன வருஷம், சேஸிஸ் எண் இன்னது, எஞ்சின் எண் இன்னது, 948 சி.சி. அசல் எஞ்சின்’ என்று வரி வரியாக இருக்கட்டும். விவரணத்தின் பேரில் விற்ற சரக்கு அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. எழுத்தில் இல்லாத விவரணத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டில் வாதாடுவது கஷ்டம். சாதாரணப் பதிவுள்ள வண்டியானால், விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் அதிகாரிக்குத் தெரிவித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழம்பெரும் வண்டியாகப் பதிவானதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, புத்தகத்தில் பெயர் ஏறிய பிறகு கொடுப்பதாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதற்கு விற்பவர் சம்மதியாவிட்டால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவதே நலம். தாம்பரத்தைச் சுற்றி வேறு ஹெரால்டு கிடைக்காமற் போகாது.